ஜூன் இரண்டாம் தேதி

7 ஜூலை 2025, திங்கள்

இன்று இருபத்தாறு மனு. பட்டா மாறுதல் ஒன்பது, முதியோர் உதவித்தொகை ஏழு, மீதியெல்லாம் பாதைத் தகராறு. ஒரு பெரியவர் மகன் சோறு போடவில்லை என்று எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் மகன் பெயரை மட்டும் அடித்துவிடச் சொன்னார். பெயர் இல்லாமல் யார் மேல் நடவடிக்கை எடுப்பார்கள் என்று கேட்டேன். "கலெக்டருக்கு விஷயம் தெரிஞ்சா போதும். பேரு எதுக்கு?" என்றார். அடித்துக் கொடுத்தேன். ரேஷன் அட்டை நகல் இணைத்தீர்களா என்றால் அதுவும் இல்லை. இணைப்பு இல்லாத மனு உப்பில்லாப் பண்டம் என்று இருபத்தெட்டு வருஷமாக வேங்கிக்கால் சாலையில், கலெக்டர் ஆபீஸ் எதிரே, மனு எழுத உட்கார்ந்து கத்துகிறேன், யார் கேட்கிறார்கள்.

மூன்று மணிக்குக் காசி வந்தான். செங்கம் சாலையில் தங்கும் விடுதி வைத்திருப்பவன். என்னைக் கட்டுவதற்கு முன்பு கஸ்தூரி அங்கேதான், அவன் அப்பா காலத்தில், வேலை பார்த்தாள். கையில் இரண்டு தாள். "மணி அண்ணே, அண்ணிக்கு வந்த கடுதாசி. எங்க விடுதி மெயிலுக்கு வந்துச்சு. நான் படிச்சுட்டேன், தப்பா எடுத்துக்காத" என்றான். என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான்.

மார்ட்டின் எழுதியிருக்கிறார்.

இத்தனை வருஷ நாட்குறிப்பில் இந்தப் பெயரை நான் எழுதியதில்லை. எழுதிவிட்டேன்.

8 ஜூலை, செவ்வாய்

வரிசையாக எழுதினால்தான் எனக்கு எதுவும் புரியும். தொழில் புத்தி.

மார்ட்டின் ஜெர்மனிக்காரர். 2001 கடைசியில் வந்து காசி வீட்டு விடுதியில் ஐந்தாறு மாதம் தங்கினார். கஸ்தூரி அங்கே அறை கூட்டி, துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஏப்ரலில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போய்விட்டார். இவள் வயிற்றில் பிள்ளை இருந்தது அவருக்குத் தெரியாது. ஆகஸ்டில் இவள் என் மேஜைக்கு வந்தாள். கலெக்டருக்கு மனு எழுதணும் என்றாள். என்னம்மா எழுதணும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். செப்டம்பர் எட்டாம் தேதி தாலி கட்டினேன். அந்த மனுவை இன்னும் எழுதவில்லை.

தேவிப்ரியா நவம்பரில் பிறந்தாள்.

இப்போது கடிதம். போன மாதம் அவருக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் இங்கே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். ஊசி போட்ட நர்ஸ் எங்கள் தேவி. அந்த அம்மாள் அவளோடு படம் எடுத்து, 'அப்படியே உன் அம்மா மாதிரி ஒரு பெண்' என்று விளையாட்டாக மார்ட்டினுக்கு அனுப்பினாராம். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காசியிடம் விசாரித்திருக்கிறார். அவருக்கு அறுபத்தேழு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவி என் மகள் என்றால் சட்டப்படி ஏற்றுக்கொள்கிறேன், என் நாட்டின் குடியுரிமை அவளுக்குப் பிறப்பிலேயே சேர வேண்டியது, உங்கள் குடும்பத்தைத் தொந்தரவு செய்ய விருப்பமில்லை, வேண்டாம் என்றால் பதில் எழுத வேண்டாம் என்று முடித்திருக்கிறார்.

மரியாதையான கடிதம். குறை சொல்ல ஒரு வரியாவது கிடைக்குமா என்று நாலு தடவை படித்தேன்.

தமிழில் படித்துச் சொன்னபோது கஸ்தூரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவகிட்ட சொல்லாதீங்க" என்றாள். தண்ணீரை வடித்துவிட்டு, "சொல்லலனா பாவம்" என்றாள். அரிசியை இன்னொரு தடவை களைந்தாள்.

13 ஜூலை, ஞாயிறு

தேவியிடம் சொல்ல ஒரு வாரமாக வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"தெரியும்ப்பா."

எப்போதிலிருந்து?

"ஆறாவது படிக்கிறப்ப. தண்ணி புடிக்கிற எடத்துல சொன்னாங்க."

பத்து வயதில் தெரிந்ததை இத்தனை வருஷம் எங்களிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறாள். நாங்கள்தான் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடிதத்தை ஒரே மூச்சில் படித்தாள். மடித்தாள். "எனக்கு இது வேணும்ப்பா. நான் போறேன்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. போளூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்து கேசரியெல்லாம் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு கலர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே, விசாரிச்சீங்களா" என்று தரகரைக் கேட்டார்கள். செய்யாறு வரன் போனிலேயே நின்றது. சிவப்பாகப் பெண் வேண்டும் என்று ஊரெல்லாம் தேடுகிறார்கள். சிவப்பு அதிகமென்று நின்ற கல்யாணம் என் மகளுடையது மட்டும்தான். "சின்னதுலேர்ந்து வெள்ளைக்காரி வெள்ளைக்காரின்னுதான் கூப்ட்டாங்க. சரி, அங்கியே போயிடறேன்" என்கிறாள்.

அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். இன்று ஏழு தடவை. எண்ணிக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு.

26 ஜூலை, சனி

வக்கீல் ரேவதியைப் பார்த்தோம். ஜூனியராக இருந்த காலத்திலிருந்து தெரியும், அவருடைய தமிழ் வழக்குரைகள் எல்லாம் நான் டைப் அடித்தவை. இந்த மாதிரி விஷயம் பார்க்கும் சென்னை சிநேகிதியிடம் கேட்டு வைத்திருந்தார். அம்மாவும் அப்பாவும் கல்யாணம் செய்துகொள்ளாமல், அப்பா மட்டும் ஜெர்மன் என்றால், நான்தான் தகப்பன் என்று அவர் ஏற்பதோ, அதற்கு வழக்குப் போடுவதோ, பிள்ளைக்கு இருபத்துமூன்று வயது முடிவதற்குள் நடந்திருக்க வேண்டுமாம்.

"பாப்பா பொறந்த தேதி என்னா சார்?"

பள்ளி மாற்றுச் சான்றிதழை நீட்டினேன். 02.06.2002.

"அய்யோ. ரெண்டு மாசம் முன்னாடியே முடிஞ்சுடுச்சே."

ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. பக்கத்தில் தேவி கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள், எனக்கு நிம்மதி. நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதி வைக்கிறேன்.

அப்புறம்தான் சொன்னேன். "அது ஸ்கூல்ல போட்ட தேதிம்மா. அவ பொறந்தது தீபத்தன்னிக்கு. நவம்பர் பத்தொம்போது."

ரேவதி விரல்விட்டு எண்ணினார். "அப்ப இன்னும் நாலு மாசம் இருக்கு. ஆனா தேதிக்குப் பேப்பர் வேணும் சார்."

பேப்பர்தான் இல்லை. அந்த வருஷம் தீபத்தன்று மத்தியானம் வலி கண்டது. ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டம். ஆட்டோ ஒன்றும் நகரவில்லை, ஆஸ்பத்திரி ஒன்றரை கிலோமீட்டர். அடுத்த தெரு ஆராயி அம்மாளைக் கூட்டி வந்தேன். மலையில் தீபம் ஏற்றி ஊரே 'அரோகரா' என்று கத்திய சமயம் பிள்ளை வெளியே வந்தது. வீட்டில் பிறந்ததை நாம்தான் போய்ப் பதிய வேண்டும். போனால் கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள். கேட்டால் இரண்டரை மாதம் என்று சொல்ல வேண்டும். நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். ஊருக்கெல்லாம் பிறப்புச் சான்று மனு எழுதுகிறவன் தன் பிள்ளைக்கு எழுதவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

அந்த ஜூன் இரண்டாம் தேதி எப்படி வந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

2007 ஜூன். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். இவளுக்கு ஆறு மாதம் குறைவு. தலைமையாசிரியர் ஆதிமூலம் அடுத்த வருஷம் வா என்றார். எல்லா அப்பன்மாரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்: "ஏதாவது ஒரு தேதி போட்டுச் சேத்துக்குங்க சார்." அவர் எல்லாருக்கும் போடுகிற தேதியைப் போட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்தான், தாய்மார்களுக்கே தெரியாது.

ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம். பொறுக்காததற்குக் காரணம் படிப்பு இல்லை. அங்கன்வாடியில் யாரோ குழந்தையிடம் உன் அப்பா எங்கே, ஏரோப்ளேன்லயா என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு அரசாங்கப் பதிவேடு வேண்டியிருந்தது. அதில் தேவிப்ரியா, த/பெ. மணிவேல் என்று மையில் இருக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் 'தந்தை கையொப்பம்' என்ற இடத்தில் போட்ட கையெழுத்து இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு பெரிதாக நான் எங்கேயும் போட்டதில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆதிமூலம் சாரைப் பார்க்கப் போனேன். எண்பது வயது, காது மந்தம், ஞாபகம் மட்டும் கத்தி. அந்தத் தேதி பள்ளி வசதிக்காகப் போட்டது என்று ஒரு கடிதம் கேட்டேன்.

"உனக்குக் குடுத்தா ஊரே வந்து நிக்கும், மணிவேலு. நான் போட்டது ஒண்ணா ரெண்டா? அந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புல இருவத்தேழு புள்ளைங்க. எல்லாத்துக்கும் ஜூன் ரெண்டு."

"என் பொண்ணு வாழ்க்கை சார்."

"நீதானய்யா போடச் சொன்ன" என்றார்.

அவர் வீட்டு அம்மாள் மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

4 ஆகஸ்ட், திங்கள்

நீதானய்யா போடச் சொன்ன.

18 ஆகஸ்ட், திங்கள்

காலதாமதப் பிறப்புப் பதிவுக்குக் கோட்டாட்சியருக்கு மனு கொடுத்தாயிற்று. ஒன்பது தடவை எழுதினேன். ஊரார் கதையை அரைப் பக்கத்தில் அடக்குகிறவனுக்குச் சொந்தக் கதை நாலு பக்கம் போயிற்று. ரேவதி இரண்டாகக் குறைத்தார். இணைப்பு பதினொன்று: ஆராயி அம்மாள் வாக்குமூலம், குழந்தையின் ஜாதகம், முதல் தீபத்துக்கு எடுத்த புகைப்படம், இன்னும் என்னென்னவோ. வீட்டில் இருந்த தாள் எல்லாம் வைத்தேன்.

8 செப்டம்பர், திங்கள்

கல்யாண நாள். மார்ட்டினோடு வீடியோவில் பேசினோம். எந்த நாளில் வைக்கலாம் என்று தேவி கேட்டபோது நான் காலண்டரைப் பார்க்காமல் சரி என்றுவிட்டேன்.

மெலிந்த மனிதர். முடி முழுக்க வெள்ளை. "கஸ்தூரி, சாப்டாச்சா?" என்றார், தமிழில். அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். கஸ்தூரி "ஆச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தேவியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூக்கு, நெற்றி, சிரித்தால் ஒரு பக்கம் இழுக்கும் உதடு. அந்தச் சிரிப்பு என் அம்மாவுடையது என்று நான் பத்துப் பேரிடமாவது சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி நானே நம்பியிருந்தேன்.

கடைசியில் என்னிடம் ஆங்கிலத்தில், என் மகளை வளர்த்ததற்கு நன்றி என்றார். தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது. நல்ல மனிதராக இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, திட்டக்கூட முடியவில்லை.

13 செப்டம்பர், சனி

ரேவதி கூப்பிட்டனுப்பினார். ஜெர்மனிக்கு அனுப்பத் தாள்களை அடுக்கும்போது கோயிலில் கொடுத்த கல்யாண ரசீதைப் பார்த்திருக்கிறார்.

"சார், உங்க கல்யாணம் ரெண்டாயிரத்து ரெண்டு செப்டம்பர் எட்டு. பாப்பா பொறந்தது நவம்பர்னு நாம இப்ப மனு குடுத்திருக்கோம். அப்ப பாப்பா உங்க கல்யாணத்துக்குள்ள பொறந்தவ. சட்டப்படி நீங்கதான் அப்பா. ஒரு அப்பா இருக்கறப்ப இன்னொருத்தர் வந்து நான்தான்னு கையெழுத்துப் போட முடியாது."

"ஸ்கூல் தேதிப்படி?"

"அதுப்படி கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி. நீங்க குறுக்கவே வர மாட்டீங்க. அவரு ஒரு கையெழுத்துல முடிச்சுடலாம். ஆனா வயசு தாண்டிடுச்சு."

வேப்பமரத்தடி டீக்கடையில் உட்கார்ந்து அரை மணி யோசித்தேன். பொய்த் தேதி வைத்தால் நான் தடையில்லை, வயது தடை. உண்மைத் தேதி வைத்தால் வயது தடையில்லை, நான் தடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசலில் நான் நிற்கிறேன். இன்னொன்றும் உறைத்தது. என் பெயரைப் பதிய அவ்வளவு அவசரப்பட்டவன், என் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே என் பிள்ளை பிறந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதினெட்டு வருஷமாக அது கண்ணில் படவில்லை. அடுத்தவன் மனுவில் ஒரு தேதி பிசகினால் அவனை நிற்க வைத்துத் திட்டுகிறவன் நான்.

வழி ஒன்றுதான் இருக்கிறது. மணிவேல் என் தகப்பன் இல்லை, மார்ட்டின்தான் என்று தேவி வழக்குப் போட வேண்டும். நவம்பர் பத்தொன்பதாம் தேதிக்குள் தாக்கல் செய்தால் போதும். நான் ஆமாம் என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். கஸ்தூரி கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

5 அக்டோபர், ஞாயிறு

மூன்று வாரமாகச் சொல்லத் தைரியமில்லாமல் இன்று சொன்னேன். கஸ்தூரி கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஊரு வாய மூடறதுக்குத்தான என்னைக் கட்டினீங்க. இப்ப அதே ஊர்ல, அத்தினி பேரு எதிர்ல, என்னைத் தொறக்கச் சொல்றீங்க."

"ஊர் வாயை மூட இல்ல கஸ்தூரி."

"பின்ன எதுக்கு?"

எவ்வளவு வருஷம் ஆயிற்று, இந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. மூன்று நாள் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், நாலாம் நாள் வரவில்லை, எனக்கு வேலை ஓடவில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம்பொண்ணு போவணும்னா நான் சொல்றேன். நீங்க கோர்ட்டுக்குள்ள வராதீங்க. நீங்க இருந்தா வாய் வராது" என்றாள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. தேவிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. நாங்கள் இருவரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், அதோடு சரி.

29 அக்டோபர், புதன்

ஆராயி அம்மாளைப் பிறப்புப் பதிவு விசாரணைக்கு அழைத்துப் போனேன். எழுபத்தெட்டு வயது. ஆட்டோவில் போகும்போதெல்லாம் தெளிவாகச் சொன்னார். அதிகாரி நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"என்னைக்குப் பொறந்துச்சும்மா?"

"தீபத்தன்னிக்கு சாமி. மலைமேல ஏத்தினாங்க, இங்க இது அழுவுது. இந்தக் கையாலதான் வாங்கினேன்."

"எந்த வருஷம்?"

என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன், திருப்பத்தான் வேண்டும். "வருஷம் நான் என்னாத்த கண்டேன். தீபத்தன்னிக்கு" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

வருஷா வருஷம் வரும் தீபம். எந்த வருஷம் என்று யாருக்கு வேண்டும்? ஜெர்மனிக்காரனுக்கு வேண்டும்.

திரும்பும்போது, "தப்பா சொல்லிட்டனா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இல்லம்மா, சரியாத்தான் சொன்னீங்க என்றேன்.

8 நவம்பர், சனி

வழக்குரையை டைப் அடித்தேன். ரேவதி வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்றார். வேண்டாம், பிழை விடுவார்கள் என்று வாங்கி வந்தேன்.

வாதி: தேவிப்ரியா.

அதற்கு அடுத்து விரல்கள் தாமாகவே த/பெ. மணிவேல் என்று அடித்துவிட்டன. அழித்தேன். கஸ்தூரியின் மகள் என்று அடித்தேன்.

பிரதிவாதி 1: மணிவேல். பிரதிவாதி 2: மார்ட்டின்.

ஆறாவது பத்தி: "1-ஆம் பிரதிவாதி வாதியின் உடற்கூறு ரீதியான தந்தை அல்லர் என்பதும், வாதியின் தாயாரின் அவப்பெயரைக் கருதியே அவர் மணம் செய்துகொண்டார் என்பதும்..." அவப்பெயர் என்ற சொல்லை மாற்றச் சொல்லி ரேவதிக்குப் போன் செய்தேன். "நிலை" என்று போட்டுக்கொள்ளுங்கள் சார் என்றார்.

பிழை ஒன்றும் இல்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

17 நவம்பர், திங்கள்

தாக்கலாகிவிட்டது. இரண்டு நாள் மிச்சம் வைத்து. நோட்டரி முன்னால், தேவிப்ரியா எனக்குப் பிறந்தவள் அல்ல என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். தேவி எதிரே நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. முடிந்ததும் "தண்ணி வேணுமா?" என்றாள். அப்பா என்ற சொல் இல்லாமல் தண்ணி வேணுமா என்றாள்.

பிறப்புப் பதிவு மனு இன்னும் கோட்டாட்சியரிடம் நிற்கிறது. அவசரம் என்று காட்டினால் சீக்கிரம் நகரும் என்று, தாக்கல் செய்த வழக்கின் நகலையும் என் பிரமாணப் பத்திர நகலையும் இன்றே கொண்டுபோய் இணைத்துவிட்டு வந்தேன். இணைப்பு 12, 13.

19 நவம்பர், புதன்

இருபத்துமூன்று முடிந்தது. பாயசம் வைத்தாள் கஸ்தூரி, அது அப்படியே இருக்கிறது.

28 நவம்பர், வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

"பள்ளிச் சான்று, ஆதார், வாக்காளர் அட்டை ஆகிய அனைத்திலும் பிறந்த தேதி 02.06.2002 என்றே உள்ளது. 2007-ஆம் ஆண்டு சேர்க்கைப் படிவத்தில் மணிவேல் என்பவர் தந்தை என்ற முறையில் இத்தேதியை உறுதி செய்து கையொப்பமிட்டுள்ளார். தற்போது தேதி தவறென்று கூறும் அதே நபர், தாம் தந்தையே அல்ல என்று நீதிமன்றத்தில் பிரமாணம் செய்துள்ளது இணைப்பு 13-ல் காணப்படுகிறது. எனவே அவரது கூற்றை ஏற்க இயலவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது."

இணைப்பு 13. யாரும் கேட்கவில்லை. நானாகக் கொண்டுபோய் வைத்தேன்.

அந்த அதிகாரி மேல் கோபம் வரவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். கச்சிதமான உத்தரவு. பத்து நாள் பொறுத்திருக்கலாமே, ஏண்டா கொண்டுபோய்க் குடுத்த, எவன்டா உன்னைக் கேட்டான், எப்பப் பார்த்தாலும் நகல் நகல்னு —

ரேவதி சொன்னார்: "அப்பீல் போகலாம் சார். ரெண்டு மூணு வருஷம் ஆகும். ஆனா அதுல உங்க சாட்சி நிக்காது." ஜூன் தேதி நிற்கும்வரை ஜெர்மனியில் எதுவும் நடக்காதாம்.

தேவி உத்தரவைப் படித்தாள். "இந்த ஊர்ல வெள்ளைக்காரின்றாங்க. அந்த ஊர்ல இல்லைன்றாங்க. நான் எந்த ஊருன்னு யார்கிட்டயாவது மனு குடுக்கணுமா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, தாளைப் பார்த்துக் கேட்டாள். பிறகு ரேவதியிடம், "கேஸ வாபஸ் வாங்கிடுங்க மேடம். அம்மாவ கூண்டுல ஏத்த வேணாம்" என்றாள்.

வழக்கை வாபஸ் வாங்கலாம். சத்தியத்தை எப்படி வாங்குவது?

3 டிசம்பர், புதன்

தீபம். ஊரில் கால் வைக்க இடமில்லை. மாடியிலிருந்து பார்த்தோம். தீபம் தெரிந்ததும் வழக்கமாக அவள் தலையில் கைவைத்து, இத்தனை வயசாச்சு என்று சொல்வேன். கையைத் தூக்கினேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள். வேண்டுமென்றே போனாளா, கீழே பால் பொங்கியதா, தெரியவில்லை.

நவம்பர் 17-லிருந்து ஒரு தடவைகூட அப்பா என்ற சொல் இல்லை. எண்ணுவதை விட்டுவிட வேண்டும்.

7 டிசம்பர், ஞாயிறு

வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதமாக என் மேஜையில் இதே வேலை. பழைய 2002 பட்டியலில் உன் பெயரோ, இல்லையென்றால் உன் உறவினர் பெயரோ எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். நூற்றுக்கணக்கில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு மூன்று படிவம். என்னுடையதையும் கஸ்தூரியுடையதையும் முடித்துவிட்டேன். தேவியுடையது அலமாரியில் கிடக்கிறது. பிறந்த தேதி என்று ஒரு கட்டம். தந்தை பெயர் என்று ஒரு கட்டம். இரண்டிலும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

மார்ட்டின் கடிதம் எழுதியிருக்கிறார், தேவிக்கு. அடுத்த வருஷம் மார்கழியில் முடிந்தால் வருகிறேன், டாக்டர் விட வேண்டும் என்று. அவள் எனக்குக் காட்டவில்லை. கஸ்தூரி சொன்னாள்.

10 டிசம்பர், புதன்

நாளை கடைசி நாள் என்று சொல்லிவிட்டதால் காலையிலிருந்து கூட்டம். மதியம் சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. மூன்று மணி போல நிமிர்ந்தால், பெஞ்சின் கடைசியில் நர்ஸ் உடுப்போடு தேவி உட்கார்ந்திருக்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. இங்கே அவள் வந்ததே இல்லை. முன்னால் ஆறு பேர். அவர்கள் நகர நகர இவளும் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து வந்தாள். அவள் அம்மா உட்கார்ந்த அதே இடம், பெஞ்சு மட்டும் புதுசு.

முறை வந்தது. எல்லாரையும் கேட்கும் வழக்கத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"என்னம்மா எழுதணும்?"

படிவத்தை மேஜைமேல் வைத்தாள். என் பேனாவை எடுத்துக்கொண்டாள். பிறந்த தேதிக் கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. 02.06.2002 என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் நிற்கவில்லை. மணிவேல்.

பழைய பட்டியல் பகுதிக்கு வந்தாள். "உன் பாகம் எண் என்னா?"

சொன்னேன்.

"வரிசை எண்?"

சொன்னேன். உறவுமுறை என்ற இடத்துக்கு வந்ததும் நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். "கோர்ட்டுல ஒண்ணு சத்தியம் பண்ணியிருக்கேன். இங்க ஒண்ணு எழுதினா, ரெண்டுல ஒண்ணு பொய்னு ஆயிடும்மா."

"ஆவட்டும்ப்பா" என்றாள்.

பேனாவை விட்டுவிட்டேன். அவள் எழுதினாள். முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. வெளியூர்ப் பேருந்தைத் தவறவிட்டவள் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொள்வது மாதிரி இருந்தது. வேறு பெயர் இல்லை என்பதால் எழுதினாளா? கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

கையெழுத்துப் போட்டு என் பக்கம் திருப்பினாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தேன், பிழை இல்லை. பழக்க தோஷத்தில் ஆதார் நகலுக்காக மேஜை டிராயரைத் திறந்தேன். இந்தப் படிவத்தோடு எதையும் இணைக்க வேண்டாம் என்று ஒரு மாதமாக எல்லாருக்கும் நான் சொன்னதை, பின்னால் நின்ற ஆள் எனக்குச் சொன்னான்.